பட்லர் 64க்கு 12: கால் போச்சா, தலை போச்சா?

பெஞ்ச்_ப்ளேயர்
மக்களே ஒரு சந்தேகம். இண்டியானாபோலிஸ்ல எம்எஸ் படிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, ரூம்மேட் இந்த ஊர்க்காரன், இங்க இருக்கிற பட்லர் யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீம் வெறியன். அவன்கிட்ட போய் தெரியாத்தனமா 2011 என்சிஏஏ (அமெரிக்கா முழுக்க காலேஜ் டீமுங்க ஆடுற டோர்னமென்ட்) ஃபைனல் சேந்து பாக்கலாமான்னு கேட்டுட்டேன், மூஞ்சி சுருங்கிப்போச்சு, நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டு போய் கதவ சாத்திக்கிட்டான். பாத்தப்பறம்தான் ஏன்னு புரிஞ்சுது. கனெக்டிகட் 53, பட்லர் 41. பட்லர் 64 ஷாட் போட்டு 12 தான் உள்ள போச்சு, 18.8 சதவீதம், ஃபைனல் வரலாற்றுலயே இதான் மட்டம். அதுலயும் த்ரீ பாயிண்டர் (தூரத்து லைனுக்கு வெளிய இருந்து போடுறது) 33க்கு 9ன்னா கூட போய் தொலையுதுன்னு விடலாம், ரெண்டு பாயிண்ட் ஷாட் 31க்கு 3! மேட் ஹோவர்ட்னு அவங்க சீனியர், டீமோட உயிரே அவர்தான், 13க்கு 1. சரி ஜெயிச்சவன் மட்டும் என்ன கிழிச்சான், கனெக்டிகட் ஸ்டார் கெம்பா வாக்கர் 19க்கு 5, டீமா த்ரீ பாயிண்டர் 11க்கு 1.

என் கேள்வி இதான். 19, 20 வயசு பசங்க, ஹூஸ்டன்ல 70 ஆயிரம் பேர் உக்காந்திருக்கிற ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு நடுவுல கோர்ட் போட்டு ஆட விடுறாங்க. இது டயர்டா டென்ஷனா? ரூம்மேட் கதவுக்கு அந்தப்பக்கத்துல இருந்தே "டென்ஷன்"னு கத்துறான்.

சும்மா_வந்தேன்
ரெண்டும் இல்ல. அந்த மேட்ச முழுசா உக்காந்து பாத்த நீதான் டயர்ட், அவன் டென்ஷன்.

கோவை_பாயிண்ட்கார்டு
தம்பி, நான் இங்க ஒரு காலேஜ் டீமுக்கு எட்டு வருஷமா கோச்சிங் குடுத்துட்டு இருக்கேனுங்க, அமெரிக்கா அளவுக்கெல்லாம் இல்ல, ஆனா ரிங்கு உயரம் எல்லா ஊர்லயும் பத்தடிதான். உங்க கேள்விய அப்படியே கேட்டா பதில் கெடைக்காதுங்க. ஷாட் உள்ள போச்சா போகலயான்னு பாக்காதீங்க, மிஸ்ஸான பந்து எங்க பட்டுச்சுன்னு பாருங்க. கால் போனவன் ஷாட் ஷார்ட்டா விழும், ரிங்கு முன்னாடி விளிம்புல பட்டு கைக்கே திரும்பி வரும். தலை போனவன் ஷாட் இடம் வலமா போகும், இல்லன்னா அடிச்சு போர்டுல மோதும். எப்பவுமே இப்படித்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நான் பசங்கள பாத்த வரைக்கும் பத்துக்கு ஏழெட்டு இப்படித்தானுங்க.

ஏன்னா ஜம்ப் ஷாட்டுக்கு பவர் கையில இருந்து வரதில்ல. முட்டி மடங்கி எந்திரிக்கிற வேகம் இடுப்பு வழியா தோளுக்கு ஏறி கடைசியா விரல் நுனிக்கு வருது. ரெண்டாவது பாதில, அதுவும் அவங்க ரூல்ல 20 நிமிசம் 20 நிமிசம்னு ரெண்டு பாதி, கடைசி எட்டு நிமிசத்துல தொடை கல்லாயிரும். குதிக்கிற உயரம் நாலு விரக்கட கொறஞ்சாலும் பையனுக்கு அது தெரியாது, ஆனா கைக்கு தெரியும். கை என்ன பண்ணும்னா அந்த கொறச்சலை தானே ஈடுகட்டப் பாக்கும், முழங்கை வெளிய போகும், பந்தை தள்ளும், வளைவு தட்டையாயிரும். அப்பறம் ரிங்கு சின்னதாயிரும்.

கணக்குப்புலி
"ரிங்கு சின்னதாயிரும்"னு கோச் சார் சொன்னது பேச்சுக்கு இல்லங்க, நெஜமாவே சின்னதாகும். ரிங் விட்டம் 18 இன்ச், ஆம்பளைங்க பந்து விட்டம் சுமார் 9.4 இன்ச். பந்து நேர் மேல இருந்து விழுந்தா முழு 18ம் தெரியும், ஆனா யாரும் அப்படி போடுறதில்ல. 45 டிகிரில இறங்குதுன்னா பந்து கண்ணுக்கு ரிங் 12.7 இன்ச் அகலம்தான். 35 டிகிரிக்கு தட்டையாச்சுன்னா 10.3. அதாவது 9.4 இன்ச் பந்தை 10.3 இன்ச் ஓட்டைக்குள்ள விடணும், மொத்தமா ஒரு இன்ச் கூட இடமில்ல. ஷூட்டர் அதே ஆள்தான், அதே பழக்கம்தான், வெறும் பத்து டிகிரி.

நார்த் கரோலினா ஸ்டேட் யூனிவர்சிட்டில லாரி சில்வர்பெர்க்னு ஒரு எஞ்சினியரிங் ப்ரொஃபசர் ஃப்ரீ த்ரோவ (ஃபவுலுக்கு லைன்ல தனியா நின்னு போடுற ஷாட்) கம்ப்யூட்டர்ல லட்சக்கணக்குல போட்டுப் பாத்தவர். கையில இருந்து கிளம்பும்போது 52 டிகிரி, போற வழில பின்னோக்கி மூணு சுத்து, குறி ரிங்கோட நடுவுல இல்ல, கொஞ்சம் பின்பக்கமாங்கறார். பின்பக்கம் தள்ளி குறி வைக்கச் சொல்றதே ஷார்ட்டா விழுந்தா மன்னிப்பு கம்மி, கொஞ்சம் நீளமா போனா போர்டு இருக்கு காப்பாத்தங்கறதாலதான்.

ஸ்காபரோ_தமிழன்
கோச் அண்ணை சொல்லுறது சரி எண்டுதான் நினைக்கிறன், ஆனா ஒரு இடத்தில எனக்கு இடிக்குது. களைப்புத்தான் காரணம் எண்டால் அந்த ஃபைனலில கனெக்டிகட் எல்லோ முதலில விழுந்திருக்கோணும்? அதுக்கு முன்னம் பிக் ஈஸ்ட் எண்ட அவங்கட கொலிச் லீக் ரூர்ணமென்ரில அவங்கள் அஞ்சு நாளில அஞ்சு மட்ச் விளையாடினவங்கள், நியூயோர்க் மடிசன் ஸ்குவயரில. அஞ்சையும் வெண்டவங்கள், அதில ஒண்டு ஓவர்ரைம். கெம்பா அந்த அஞ்சில மட்டும் 130 பொயின்ற். அதுக்குப் பிறகு என்சிஏஏயில ஆறு. பதினொரு மட்ச் ஒரு மாசத்துக்குள்ள, தோற்கவே இல்லை. கால் எங்க போனது?

இன்னொண்டு சொல்லுறன், அதே பிக் ஈஸ்ட், 2009 மார்ச், சிரக்கியூஸும் கனெக்டிகட்டும், ஆறு ஓவர்ரைம். 127க்கு 117. இரவு ஒண்டரைக்குக் கிட்ட முடிஞ்சது. சிரக்கியூஸின்ர ஜொனி ஃப்ளின் 70 நிமிசத்தில 67 நிமிசம் நிண்டவர், ஃப்றீ த்ரோ 16க்கு 16. பதினாறுக்குப் பதினாறு! நான் அப்ப உயர்தரப் பள்ளியில படிச்சுக்கொண்டிருந்தனான், அடுத்த நாள் காலமை கணக்குப் பரீட்சை, அம்மா மூண்டு தரம் வந்து ரீவியை நிப்பாட்டச் சொன்னவ. பரீட்சையில என்ர ஷூட்டிங் வீதம் பட்லரை விடக் கொஞ்சம் கூட.

பெஞ்ச்_ப்ளேயர்
ஸ்காபரோ அண்ணா அந்த 16க்கு 16 கேட்டதும் நான் ஆடிப்போயிட்டேன், 67 நிமிஷம் ஓடினவனுக்கு கால் இருக்கவே வாய்ப்பில்லையே, கோச் சார் தியரி காலியா?

கோவை_பாயிண்ட்கார்டு
காலியாகலீங்க தம்பி, இன்னும் கெட்டியாகுது. ஃப்ரீ த்ரோல குதிக்கிறதில்ல. 15 அடி, எதுத்தாப்ல யாரும் கை நீட்டல, மூச்சு வாங்க பத்து செகண்ட் இருக்கு. கால்ல இருக்கிற மிச்சம் மீதி அதுக்கு போதும். த்ரீ பாயிண்டர் அப்படி இல்ல, அதுவும் இப்ப 2019ல இருந்து ஆண்களுக்கு லைன 22 அடி ஒன்னே முக்கால் இன்ச்சுக்கு தள்ளிட்டாங்க, முன்ன 20 அடி 9 இன்ச். ஓடி வந்து நின்னு குதிச்சு போடணும், அங்கதான் தொடை பல்லைக் காட்டும். அதனால ஃப்ரீ த்ரோ மிஸ் ஆச்சுன்னா நான் மொதல்ல தலைய சந்தேகப்படுவேன், த்ரீ ஷார்ட்டா விழுந்தா கால சந்தேகப்படுவேன்.

நீங்க சொன்ன பட்லர் மேட்சுல ஒன்ன யாருமே சொல்லல பாருங்க. கனெக்டிகட் அன்னைக்கு 10 ப்ளாக். பெயிண்டுக்குள்ள, அதாவது ரிங்குக்கு கிட்ட இருக்கிற கட்டத்துக்குள்ள, அவங்க 26 பாயிண்ட், பட்லர் 2. இருவத்தாறுக்கு ரெண்டுங்க! நீளமான கையுள்ள பசங்க ரிங்குக்கு முன்னாடி நின்னு எட்டிப் புடிச்சிருக்காங்க. 31க்கு 3ங்கறது பாதி டிஃபென்ஸ் கணக்கு. டென்ஷன்னு பட்லர் பசங்க மேல பழிய போட்டு பத்து பதினஞ்சு வருசமா ஊரே பேசுது. எதுத்தாப்ல ஆறே முக்கால் அடி ஆளு நிக்கறான், அவன யாரும் சேக்கறதில்ல.

சும்மா_வந்தேன்
ரூம்மேட்கிட்ட சொல்லு, கதவ தொறப்பான்.

பெஞ்ச்_ப்ளேயர்
சொன்னேன். "ஹாஃப்டைம்ல 22க்கு 19னு நாங்க லீடு, அப்பறம் 25க்கு 19, அதுக்கப்பறம் அவங்க 22 எங்களுக்கு 3. முதல் பாதில அந்த நீளக் கை இல்லையா?"ன்னு கேக்குறான். பதில் சொல்லுங்க.

கோவை_பாயிண்ட்கார்டு
முதல் பாதிலயும் 22 பாயிண்ட்தானே போட்டாங்க, கேளுங்க.

நெட்_இல்லா_ரிங்
இவ்ளோ நேரம் படிச்சிட்டு இருந்தேன், இப்ப வாய் அரிக்குது. நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜுக்கு ஆடினவ, இப்ப ஆடி பன்னெண்டு வருஷம் ஆச்சு. எங்க டோர்னமென்ட் எல்லாம் நாக்அவுட், ஒரே நாள்ல காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னு, நடுவுல லெமன் ரைஸ் பொட்டலம். சிமெண்ட் கோர்ட், புழுதில பந்து வழவழன்னு தேஞ்சு போயிருக்கும், ரிங்ல நெட்டே கிடையாது, உள்ள போச்சான்னு ரெஃபரிக்கே சந்தேகம் வரும். செமி ஃபைனல்ல ஒரு பாயிண்ட் பின்னாடி, நாலு செகண்ட், எனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. நான் எப்பவும் மூணு தடவ பந்து தட்டுவேன், ஒரு மூச்சு விடுவேன், போடுவேன். அன்னைக்கு ஒரு தடவதான் தட்டினேன்னு கூட ஆடின பொண்ணு பின்னாடி சொன்னா, எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கிறது ரிங்குக்கு பின்னாடி சுவத்துல உக்காந்திருந்த ஒரு பையனோட சிவப்பு சட்டைதான். ரெண்டும் வலப்பக்கம் பட்டு வெளிய. கால் வலியெல்லாம் அப்ப தெரியவே இல்ல, பஸ்ல ஏறும்போதுதான் படி ஏற முடியல.

ரொம்ப நாள் கழிச்சு கண்ணு எங்க நிக்குதுங்கறத பத்தி படிச்சேன். கனடால கேல்கரி யூனிவர்சிட்டில ஜோன் விக்கர்ஸ்னு ஒரு அம்மா, 1996ல ஃப்ரீ த்ரோ போடுற பொண்ணுங்க கண்ண கேமரா வச்சு பாத்திருக்காங்க. நல்லா போடுறவங்க, கை அசையறதுக்கு முன்னாடியே ரிங் மேல ஒரே எடத்துல பார்வைய நிறுத்தி கொஞ்ச நேரம் வச்சுக்கறாங்க. சுமாரா போடுறவங்க பார்வை அங்க இங்க தாவுது. இதுக்கு அமைதிக் கண்ணுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு வச்சிருக்காங்க. படிச்சதும் எனக்கு அந்த சிவப்பு சட்டதான் ஞாபகம் வந்துச்சு. டென்ஷன் வந்தா கை நடுங்கும்னு நெனைக்கிறோம், அதுக்கு முன்னாடியே கண்ணு ஊர் மேயப் போயிருது.

பெஞ்ச்_ப்ளேயர்
அக்கா செம. அப்போ 2008 மெம்ஃபிஸ் கதை இதுதானா? கேன்சஸ் கூட ஃபைனல், 2 நிமிஷம் 12 செகண்ட் இருக்கும்போது மெம்ஃபிஸ் 60க்கு 51 லீடு. கடைசி 75 செகண்ட்ல ஃப்ரீ த்ரோ அஞ்சுல நாலு காலி. க்ரிஸ் டக்ளஸ் ராபர்ட்ஸ் மூணு, டெரிக் ரோஸ் ஒன்னு. கேன்சஸ் ப்ளேயர் சால்மர்ஸ் 2.1 செகண்ட் இருக்கும்போது த்ரீ போட்டு சமன், ஓவர்டைம்ல 75க்கு 68 கேன்சஸ். இது சுத்தமான தலை கேஸ்தானே?

கணக்குப்புலி
அவசரப்படாத தம்பி. மெம்ஃபிஸ் அந்த சீசன் முழுக்க ஃப்ரீ த்ரோல மட்டமான டீம், 61 சதவீதம் பக்கம். அந்த கணக்குல அஞ்சுல நாலாவது மிஸ் ஆக வாய்ப்பு நூத்துக்கு எட்டு. டென்ஷனே இல்லாம ஜிம்ல தனியா போட்டாலும் எட்டு. ஆனா லைன்ல நின்ன ரெண்டு பேரும் டீம் சராசரிய விட நல்லவங்க, 70 பக்கம். அத வச்சு போட்டா நூத்துக்கு மூணு. மூணுங்கறது கம்மிதான், நடக்காததுன்னு இல்ல. வருஷத்துக்கு எத்தனையோ மேட்ச் இப்படி கடைசி நிமிஷத்துல போகுது, அதுல எங்கயாவது ஒன்னுல இது நடந்துதான் தீரும், அது ஃபைனல்ல நடந்துட்டதால நாம பேசுறோம். டென்ஷன் இல்லன்னு நான் சொல்லல, டென்ஷன் மட்டும்தான்னு சொல்றதுக்கு அஞ்சு ஷாட் பத்தாது.

அதே மாதிரி ஸ்டேடியம் பெருசு, ரிங்குக்கு பின்னாடி வெட்டவெளி, அதான் பட்லர் குருடாச்சுன்னு ஒரு கோஷ்டி சொல்லும். அதே ஹூஸ்டன், அதே கட்டடம், 2016 ஃபைனல் ஃபோர். வில்லனோவா செமில ஓக்லஹோமாவ 95க்கு 51னு நசுக்கினாங்க, 49 ஷாட்டுக்கு 35 உள்ள. 71.4 சதவீதம். ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்லயும் அடிச்சாங்க. வெட்டவெளி அவங்களுக்கு மட்டும் லீவா?

நெட்_இல்லா_ரிங்
கணக்குப்புலி சார் உங்க நூத்துக்கு மூணு எல்லாம் சரி, ஆனா லைன்ல நிக்கிறவனுக்கு நூறு தடவ கிடையாது, ஒரு தடவதான். 2019 செமி ஃபைனல், வர்ஜீனியாவும் ஆபர்னும். 0.6 செகண்ட் பாக்கி, வர்ஜீனியா ரெண்டு பாயிண்ட் பின்னாடி, அவங்க ப்ளேயர் கைல் கை (Kyle Guy), அவருக்கு மூணு ஃப்ரீ த்ரோ. அதுக்கு முந்தின வருஷம்தான் அந்த டீம் முதல் சீடா (டோர்னமென்ட் தரவரிசைல முதல்) வந்து, கடைசி வரிசையான 16வது சீட் யூஎம்பிசி காலேஜ்கிட்ட 74க்கு 54னு தோத்து ஊர் சிரிச்சுது. தனக்கு ஆங்ஸைட்டி இருக்குன்னு வெளிப்படையா சொன்ன பையன் அவர். ரெண்ட போட்டாச்சு, ஸ்கோர் சமன், அப்ப ஆபர்ன் டைம்அவுட் கேட்டாங்க, பையன் உக்காந்து யோசிச்சு யோசிச்சு கெடட்டும்னு. திரும்பி வந்து மூணாவதையும் போட்டார். 63க்கு 62. பயம் இல்லாததால போட்டார்னு சொல்லாதீங்க. பயம் இருந்துச்சு, பந்தும் உள்ள போச்சு. இது ரெண்டும் ஒன்னாவே நடக்கும்னு எனக்கு இருபது வயசுல யாராவது சொல்லியிருக்கலாம்.

ஸ்காபரோ_தமிழன்
அக்கா, வாசிக்கேக்க எனக்கே நெஞ்சு அடிச்சது.

களைப்பு எண்டு கதைக்கேக்க நாங்கள் மட்ச் நடக்கிற 40 நிமிசத்தை மட்டும் பாக்கிறம். பிரயாணத்தைப் பாருங்கோவன். 2024இல இருந்து மேற்குக் கரையில இருக்கிற யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஒரிகன், வொஷிங்ரன் நாலு கொலிச்சும் பிக் ரென் எண்ட லீக்கில, அதில மற்ற கொலிச்சுகள் நாட்டின்ர நடுவிலயும் கிழக்கிலயும். லொஸ் ஏஞ்சல்ஸில இருந்து நியூ ஜேர்சிக்குப் பறந்து போய் மத்தியானம் 12 மணிக்கு விளையாடினால், பெடியனுக்கு உடம்பில காலமை 9 மணி. திரும்பி வந்து திங்கக்கிழமை வகுப்பு. ஸ்ரான்ஃபோர்ட்டும் கலிபோர்னியாவும் அற்லான்ரிக் கரையோரக் கொன்ஃபறன்ஸில விளையாடுதுகள், பசிபிக் கரையில இருந்துகொண்டு! ரீவிக் காசுக்காகப் பெடியளை இப்பிடிக் காவித் திரியிறாங்கள். அந்தக் கூத்தை யாரும் கேக்கிறேல்ல, ஷொட் விழேல்ல எண்டால் மட்டும் பெடியன் பயந்திட்டான்.

கோவை_பாயிண்ட்கார்டு
ஸ்டான்ஃபோர்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருதுங்க, நான் எங்க பசங்கள திட்டறதுக்கு பதிலா சொல்ற ஒரே ஆராய்ச்சி அதுதான். ஷெரி மா, 2011ல வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு ஆண்கள் டீம் 11 பேரு, அஞ்சுல இருந்து ஏழு வாரம், ராத்திரிக்கு பத்து மணி நேரம் படுக்கையில இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடுச்சு, த்ரீ பாயிண்டர் 9.2. ஓட்டம் 16.2 செகண்ட்ல இருந்து 15.5க்கு வந்துச்சு. ஷூட்டிங் ஸ்டைல யாரும் தொடல, தூங்கத்தான் விட்டாங்க. எங்க ஹாஸ்டல்ல பத்து மணி நேரம் தூங்குன்னா வார்டன் என்னையத்தான் கூப்புட்டு விசாரிப்பாரு, அது வேற.

கணக்குப்புலி
அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு சார், தூங்காத இன்னொரு கோஷ்டிய வச்சு ஒப்பிட்டுப் பாக்கல. ஏழு வாரம் ப்ராக்டீஸ்லயே கொஞ்சம் கூடியிருக்கலாம். அதோட அது ப்ராக்டீஸ் ஷாட், மேட்ச் இல்ல.

கோவை_பாயிண்ட்கார்டு
கரெக்டுங்க, ஒத்துக்கறேன். ஆனாலும் சீசன் நடுவுல, கால் தேயுற நேரத்துல கூடியிருக்கு பாருங்க. பரீட்சை வாரத்துல எங்க பசங்க ஷூட்டிங் எப்படி போகும்னு எனக்கு எந்த பேப்பரும் காட்ட வேணாம். ரெண்டு மணி வரைக்கும் படிச்சுட்டு ஆறு மணிக்கு க்ரவுண்டுக்கு வர்றவன் கண்ண பாத்தாலே தெரியும், அன்னைக்கு ஷூட்டிங் ப்ராக்டீஸ நிறுத்திட்டு சும்மா பாஸ் போட்டு வெளையாட விட்டுருவேன். தப்பா போட்டே நூறு ஷாட் பழகுறதுக்கு போடாமயே இருக்கலாம். மிசௌரில அமெரிக்கன் ஃபுட்பால் பசங்கள வச்சு பாத்ததுல பரீட்சை நேரத்துல அடிபடுறது கூடுதுன்னு ஒன்னு 2016ல வந்துச்சு. ஷூட்டிங் பத்தி இல்ல அது, ஆனா உடம்புக்கு பரீட்சையும் ஒரு ப்ராக்டீஸ் மாதிரிதான், அதுவும் எடுத்துக்கும்.

அப்பறம் பல கோச்சுங்க ஃப்ரீ த்ரோவ ப்ராக்டீஸ் கடைசில உக்கார வச்சு அம்பது போட சொல்லுவாங்க, ஆற அமர, ஒருத்தன் பந்து பொறுக்கிக் குடுக்க. மேட்சுல யாருக்குங்க அம்பது தொடர்ச்சியா குடுக்கறாங்க? நான் லைன் தொட்டு ஓட விட்டு, மூச்சு இரைக்கும்போதே ரெண்டே ரெண்டு, திரும்ப ஓட்டம், திரும்ப ரெண்டு. மிஸ் ஆனா டீமே ஓடணும். கால், தலை ரெண்டுக்கும் ஒரே கஷாயம்.

பெஞ்ச்_ப்ளேயர்
ஞாயித்துக்கிழமை அப்டேட். இதெல்லாம் மொழிபெயர்த்து ரூம்மேட்கிட்ட சொன்னேன், 26க்கு 2 கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்பறம் வா ஜிம்முக்குன்னு கூட்டிட்டுப் போனான். கையில ஒரு நோட்டு. முன், பின், இடம், வலம்னு நாலு கட்டம். முதல்ல ஃப்ரெஷ்ஷா 20 ஃப்ரீ த்ரோ, 13 உள்ள. மிஸ் நாலு பக்கமும் சிதறி. அப்பறம் கோச் சார் சொன்ன மாதிரி லைன் ஓட்டம், ரெண்டு போடு, ஓடு, ரெண்டு போடு. 20க்கு 9. மிஸ் ஆன 11ல எட்டு "முன்" கட்டத்துல. குதிக்காத ஷாட்டுக்கே என் கால் இந்த லட்சணம், ஃப்ளின் எப்படி 16 போட்டான்னு தெரியல. மூணாவது ரவுண்டுக்கு முன்னாடி கால் மணி நேரம் உக்காந்து தண்ணி குடிச்சு நல்லா ஆறிட்டேன், அப்பதான் இவன் ரெண்டு பசங்கள கூட்டிட்டு வந்து சுத்தி நிக்க வச்சுட்டு சொல்றான், பத்துல ஏழு போடலன்னா இந்த மாசம் பூரா பாத்திரம் நீதான்னு.

அஞ்சு. மிஸ்ல நாலு "வலம்". அக்கா, நான் எத்தனை தடவ பந்து தட்டினேன்னு எனக்கும் ஞாபகம் இல்ல.

கணக்குப்புலி
பத்து ஷாட் பத்தாது தம்பி.

பெஞ்ச்_ப்ளேயர்
தெரியும் சார், கை ஈரம் காயாமதான் டைப் பண்றேன்.

சும்மா_வந்தேன்
அடிபிடிச்ச குக்கர்னா ஊற வச்சு தேய். கால்ல இருந்து பவர் எடு.